குழந்தைக்கு காய்ச்சலா? தெர்மாமீட்டரை பார்த்து பதறாதீங்க... குழந்தையை பாருங்க!

விருதுநகர்:-

குழந்தைக்கு லேசாக உடம்பு சுட்டால் போதும். வீடே ரெண்டு படுகிறது. அம்மா நெற்றியை தொட்டுப் பார்க்கிறார். அப்பா கழுத்தை தொட்டுப் பார்க்கிறார். "ஜன்னி கண்டுறப் போகுது, சீக்கிரம் தூக்கிட்டு ஓடுங்க" என்று பாட்டி பதறுகிறார். அரை மணி நேரத்தில் ஆட்டோ வாசலுக்கு வந்து விடுகிறது.

வடகிழக்கு பருவமழை தொடங்கி விட்டால் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு போனாலும் இதுதான் காட்சி. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆலை, நூற்பாலை வேலைக்கு போகிற தாய்மார்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தோளில் குழந்தையை போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

பெற்ற மனசு பதறத்தான் செய்யும். அதில் தப்பு இல்லை. ஆனால் பயப்பட வேண்டிய இடம் ஒன்று, நாம் பயப்படுவது வேறொன்று என்பதுதான் சிக்கல். தெர்மாமீட்டரில் 103 என்று பார்த்தால் அலறுகிறோம். காய்ச்சல் விட்ட பிறகு குழந்தை துவண்டு கிடந்தால், "அசதியா தூங்குது" என்று விட்டு விடுகிறோம். உண்மையான ஆபத்து பல நேரம் இந்த இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது.

இதுபற்றி ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் வருமாறு:-

காய்ச்சல் எதிரி அல்ல

காய்ச்சல் என்பது தனி நோய் இல்லை. உடம்புக்குள் கிருமி புகுந்துவிட்டது என்பதற்கான அடையாளம். கிருமியை விரட்ட உடம்பு தானாக எடுக்கும் நடவடிக்கையும் அதுதான்.

வீட்டில் இருக்கும் அயர்ன் பாக்சில் ஒரு திருகு இருக்கும். அதை எந்த அளவில் வைக்கிறோமோ அந்த அளவுக்கு சூடாகி, அதோடு நின்றுகொள்ளும். மூளையிலும் உடம்பு சூட்டை கட்டுப்படுத்த அதுபோல ஒரு இடம் இருக்கிறது. கிருமி உள்ளே வந்ததும் அது சூட்டை கொஞ்சம் கூட்டி வைக்கிறது. அந்த சூட்டில் பல கிருமிகள் பெருகுவது குறைகிறது. அவற்றை எதிர்த்து நிற்கும் வெள்ளை அணுக்கள் சுறுசுறுப்பாகின்றன.

சூடு ஏறும்போது குழந்தைக்கு கை, கால் சில்லென்று இருக்கும். உடம்பு நடுங்கும். சூடு இறங்கும்போது வியர்வை கொட்டும். இரண்டும் காய்ச்சலின் வழக்கமான போக்குதான்.

சிறு குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸ் காய்ச்சல். சளி, மூக்கு ஒழுகல், லேசான இருமல் கூடவே இருக்கும். 3 நாட்களுக்குள் தானாக தணிந்து விடும். தடுப்பூசி போட்ட அன்றும் மறுநாளும் வரும் காய்ச்சலும் இந்த ரகம்தான். ஊசி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

மூளை பாதிக்குமா?

"காய்ச்சல் ஏறிக்கிட்டே போனா மூளைக்கு போயிடும்" என்பது காலம் காலமாக இருக்கும் பயம். 

கிருமியால் வரும் காய்ச்சல் அப்படி ஏறிக்கொண்டே போகாது. அயர்ன் பாக்ஸ் திருகு மாதிரி மூளையே அதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. சாதாரணமாக 106 டிகிரியை தாண்டுவது அபூர்வம். வெறும் சூட்டினால் மட்டும் மூளை பாதிக்க வேண்டும் என்றால் உடம்பு சூடு 107, 108 டிகிரிக்கு போக வேண்டும்.

அப்படி போவது பெரும்பாலும் வெளிச்சூட்டினால்தான். பூட்டிய காருக்குள் விட்டுச் சென்ற குழந்தை, கத்திரி வெயிலில் நெடுநேரம் கிடந்த குழந்தை ஆகியோருக்கு அந்த ஆபத்து உண்டு. அது வெப்ப பாதிப்பு. காய்ச்சல் அல்ல. அப்போது உடனே நிழலுக்கு தூக்கிச் சென்று, உடம்பை நனைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூளைக்காய்ச்சல் என்பதும் வேறு. அதில் மூளையை தாக்குவது கிருமி. 101 டிகிரி காய்ச்சலிலும் அது இருக்கலாம். 104 டிகிரியிலும் இல்லாமல் இருக்கலாம். நம்பரை வைத்து அதை கண்டுபிடிக்க முடியாது. குழந்தை எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் சந்தேகப்பட முடியும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

இந்த பயம் நம் ஊர் தாய்மார்களுக்கு மட்டும் உரியது இல்லை. 1980-ல் அமெரிக்காவை சேர்ந்த பார்டன் ஷ்மிட் என்ற குழந்தைகள் டாக்டர், 81 பெற்றோரிடம் விசாரித்து ஒரு ஆய்வு வெளியிட்டார். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், 104 டிகிரியும் அதற்கு குறைவான காய்ச்சலும்கூட மூளையை பாதித்துவிடும் என்று நம்பினார்கள். அந்த மிதமிஞ்சிய பயத்துக்கு 'பீவர் போபியா' என்று அவர் பெயர் வைத்தார். அதாவது காய்ச்சல் பீதி.

20 வருஷம் கழித்து, 2001-ல் பால்டிமோர் நகரில் 340 பேரிடம் மறுபடியும் விசாரித்தார்கள். பயம் கொஞ்சமும் குறையவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்பி காய்ச்சல் மருந்து கொடுப்போம் என்று 100-க்கு 85 பேர் சொன்னார்கள். காய்ச்சலோடு அசந்து தூங்கும் குழந்தை நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, தொட்டால் அசைந்து கொடுக்கிறது என்றால், மருந்துக்காக எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. தூக்கமும் மருந்துதான்.

எத்தனை டிகிரி இருந்தால் காய்ச்சல்?

கையை வைத்துப் பார்த்தால் சரியாக தெரியாது. அடுப்படியில் நின்றுவிட்டு வந்த கைக்கு குழந்தை குளிர்ச்சியாக தெரியும். பாத்திரம் கழுவிவிட்டு வந்த கைக்கு அதே குழந்தை அனலாக தெரியும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய பாதரச தெர்மாமீட்டர் உடைந்தால் விஷம். குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டாம்.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு கக்கத்தில் வைத்துப் பார்ப்பதே எளிது. வியர்வையை துடைத்துவிட்டு, முனை தோலில் படும்படி வைத்து, கையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, 'பீப்' சத்தம் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

உடம்பின் உள் சூடு 100.4 டிகிரியை எட்டினால் காய்ச்சல். கக்கத்தில் சற்று குறைத்தே காட்டும். அதனால் கக்கத்தில் 99.5 டிகிரிக்கு மேல் இருந்தால் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல உடம்பிலேயே சாயங்காலம் சூடு கொஞ்சம் கூடும். ஓடி விளையாடினாலும், அழுதாலும் கூடும். அதற்கெல்லாம் மருந்து தேடி அலைய வேண்டாம்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று பார்த்து ஒரு தாளில் நேரத்தோடு குறித்து வைத்தால், அது டாக்டருக்கு மிகவும் உதவும்.

ஜன்னி வந்தால்...

பெற்றோரை அதிகம் நடுங்க வைப்பது காய்ச்சல் வலிப்பு. கண் மேலே செருகும். கை, கால் வெட்டி இழுக்கும். வாயில் நுரை தள்ளும். பார்ப்பவர்களுக்கு ஈரக்குலையே நடுங்கும்.

6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்கு இது வரக்கூடும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். சாதாரண காய்ச்சல் வலிப்பால் மூளை கெடுவதில்லை. படிப்பு மந்தமாவதில்லை. ஒருமுறை வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அடுத்த காய்ச்சலிலும் வரலாம். 5, 6 வயது தாண்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே, அடிக்கடி கொடுத்தால் வலிப்பு வராமல் தடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி தடுக்க முடியாது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த பயத்தில் மருந்தை கூட்டிக் கொடுப்பதுதான் மிச்சம்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது இதுதான்:-

குழந்தையை தரையிலோ, பாயிலோ ஒருக்களித்து படுக்க வையுங்கள். கழுத்தை இறுக்கும் உடையை தளர்த்துங்கள். பக்கத்தில் இடிக்கும் பொருட்களை தள்ளி வையுங்கள். கடிகாரத்தை பாருங்கள்.

கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்காது. வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் திணிக்காதீர்கள். பல் உடைந்து மூச்சுக்குழலில் போய்விடும். தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். புரை ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கை, காலை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள். வலிப்பு நின்ற பிறகு குழந்தை கண் விழிக்கவில்லை என்றாலும், மறுபடி வந்தாலும், உதடு நீலமானாலும் 108-தான். தானாக நின்றுவிட்டாலும் முதல் தடவை வந்த வலிப்பு என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சொட்டு மருந்தா? சிரப்பா?

காய்ச்சலை விட காய்ச்சல் மருந்தால் குழந்தைக்கு ஆபத்து வருவதும் உண்டு. இங்குதான் பெற்றோர் முழு கவனமாக இருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு கொடுக்கும் பாராசிட்டமால் மருந்து கடைகளில் 3 விதமாக கிடைக்கிறது. முதலாவது, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து. அதில் 1 மி.லி.க்கு 100 மி.கி. மருந்து உள்ளது. இரண்டாவது, 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப். மூன்றாவது, 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள சிரப்.

பாட்டில் சின்னதாக இருப்பதால் சொட்டு மருந்து 'பவர் கம்மி' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். மூன்றிலும் அதுதான் கெட்டியானது. சின்ன குழந்தை வாயில் கொஞ்சம் ஊற்றினால் போதும் என்பதற்காக அப்படி தயாரிக்கிறார்கள்.

அளவு வயதை பார்த்து அல்ல, எடையை பார்த்து. 1 கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 15 மி.கி. 10 கிலோ குழந்தை என்றால் 150 மி.கி. இதை 125 சிரப்பில் கொடுத்தால் 6 மி.லி. அதுவே 250 சிரப்பில் 3 மி.லி. சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. மட்டுமே.

இப்போது யோசித்துப் பாருங்கள். போன தடவை டாக்டர் சொன்ன "6 மி.லி." ஞாபகத்தில் இருக்கிறது. இந்த தடவை கையில் இருப்பது சொட்டு மருந்து. அதே 6 மி.லி. கொடுத்தால் 600 மி.கி. உள்ளே போய்விடும். அதாவது 4 வேளை மருந்து ஒரே வாயில்!

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேரம் இடைவெளி விட்டால் பாதுகாப்பு. டாக்டர் சொன்னால் 4 மணி நேரம். எப்படி இருந்தாலும் ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம்.

பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை. கூடுதலாக கொடுத்துவிட்டதாக தெரிந்தால், குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

இன்னொரு விஷயம். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சல் சிரப் ஒன்று, சளி சிரப் ஒன்று என்று இரண்டையும் கொடுத்தால், தெரியாமலேயே இரட்டை அளவு போய்விடும். கடையில் வாங்கும்போதே லேபிளை படிக்கச் சொல்லி கேளுங்கள்.

அளக்க சமையல்கட்டு ஸ்பூன் வேண்டாம். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒரு அளவு. மருந்தோடு வரும் மூடி, டிராப்பர் அல்லது ஊசி இல்லாத சிரிஞ்ச் போதும்.

104 இருந்தது 102 ஆனாலே போதும்

"மருந்து குடுத்தும் காய்ச்சல் விடவே இல்லை" என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். பாராசிட்டமால் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அது சூட்டை 2 அல்லது 3 டிகிரி குறைக்கும். அவ்வளவுதான். 104 டிகிரி 102-க்கு வந்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்று அர்த்தம். 98-க்கு இறக்கியே தீருவேன் என்று அடுத்த வேளையை அவசரமாக ஊற்றக் கூடாது.

மருந்து கொடுப்பது நம்பரை இறக்குவதற்காக அல்ல. உடம்பு வலி, தலைவலி குறைந்து, குழந்தை கொஞ்சம் பால் குடித்து, நிம்மதியாக தூங்குவதற்காக. 102 டிகிரி காய்ச்சலிலும் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு விளையாடினால், அதற்கு மருந்தே கொடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது.

இந்த மருந்துகள் கூடாது

ஆஸ்பிரின் மாத்திரையை குழந்தைகளுக்கு காய்ச்சலுக்காக தரவே கூடாது. வைரஸ் காய்ச்சலில் அது கல்லீரலையும் மூளையையும் தாக்கும் 'ரேய்' நோயை கொண்டுவரும். நிமிசுலைடு மருந்தை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு தர மத்திய அரசு 2011-ம் ஆண்டிலேயே தடை விதித்துவிட்டது. டெங்கு சந்தேகம் உள்ள நேரத்தில் இபுபுரூபன் போன்ற வலி மருந்துகளும் கூடாது. ரத்தக்கசிவு வரலாம்.

மெடிக்கல் ஷாப்பில் 'செட் மாத்திரை' வாங்கி அதில் பாதியை உடைத்துக் கொடுப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அந்த பொட்டலத்தில் என்ன மாத்திரை இருக்கிறது என்று வாங்குபவருக்கு தெரியாது.

இருமல் மருந்து விஷயத்தில் நடந்ததை யாரும் மறக்கக் கூடாது. 2025-ம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்திய பிரதேச மாநிலம் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து பலியானார்கள். சாதாரண காய்ச்சல், சளி, இருமலுக்காக மருந்து குடித்த குழந்தைகள் அவர்கள். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பரிசோதித்துப் பார்த்தபோது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷப்பொருள் 48.6 சதவீதம் கலந்திருந்தது தெரியவந்தது. தமிழக அரசு அந்த மருந்துக்கு தடை விதித்தது.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து தரக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையும் அப்போது அறிவுறுத்தியது. 1 வயது தாண்டிய குழந்தைக்கு இருமலுக்கு தேன் தரலாம். 1 வயதுக்குள் தேனும் கூடாது.

"ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்"

ஊசி போட்டால்தான் காய்ச்சல் போகும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. ஊசி போடாமல் அனுப்பும் டாக்டரை "கைராசி இல்லை" என்று சொல்லி அடுத்த கிளினிக்குக்கு போகிறவர்கள் உண்டு.

வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் மருந்து வேலை செய்யாது. தேவை இல்லாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். பின்னால் நிஜமாகவே தேவைப்படும் நேரத்தில் அந்த மருந்துக்கு கிருமி கட்டுப்படாது. போன தடவை மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் சிரப்பை எடுத்துக் கொடுப்பதும், அண்ணனுக்கு எழுதியதை தம்பிக்கு கொடுப்பதும் ஆபத்து.

"3 நாள் பார்ப்போம், இன்னின்ன அறிகுறி வந்தால் உடனே வாங்க" என்று ஒரு டாக்டர் சொல்கிறார் என்றால் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். அதுதான் சரியான வைத்தியம்.

ஐஸ் வேண்டாம், கம்பளியும் வேண்டாம்

காய்ச்சல் குழந்தையை ஐஸ் தண்ணீரில் துடைத்தால் தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, நடுக்கம் வந்து, உள்சூடு இன்னும் ஏறும். ஓடிகோலன், சாராயம் கலந்த திரவம் எதையும் தடவ வேண்டாம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். வேண்டுமானால் சாதாரண தண்ணீரையோ வெதுவெதுப்பான தண்ணீரையோ நனைத்துத் துடைக்கலாம். குழந்தை அழுது அடம்பிடித்தால் அதையும் விட்டுவிடலாம்.

ஸ்வெட்டர், குல்லா, கம்பளி என்று மூட்டை கட்டி, ஜன்னலையும் சாத்திவிட்டால் சூடு வெளியே போக வழி இருக்காது. மெல்லிய பருத்தி உடை போதும். மின்விசிறி மெதுவாக ஓடட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம்.

"காய்ச்சலுக்கு லங்கணம்" என்று பட்டினி போடாதீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். பெரிய குழந்தைக்கு கஞ்சி, இட்லி, ரசம் சாதம், இளநீர், மோர் என்று கேட்பதை கொடுங்கள். சாப்பாடு குறைந்தாலும் பரவாயில்லை. தண்ணீர் குறையக் கூடாது. குழந்தை சிறுநீர் கழிக்கிறதா என்பதை கவனித்துக்கொண்டே இருங்கள்.

திருஷ்டி சுத்திப் போடுவதும், மந்திரிப்பதும் மனசுக்கு தைரியம் தரும் என்றால் செய்துகொள்ளுங்கள். அதற்காக ஆஸ்பத்திரிக்கு போகும் நேரத்தை தள்ளிப்போடாதீர்கள். "பல் முளைக்குது, அதான் காய்ச்சல்" என்று விடுவதும் தப்பு. பல் முளைப்பதால் பெரிய காய்ச்சல் வராது. காரணம் வேறு இருக்கும்.

காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்டம்!

இனி சொல்லப்போவதுதான் மிக முக்கியம்.

டெங்கு காய்ச்சலில் முதல் 2, 3 நாள் உடம்பு அனலாக கொதிக்கும். பெற்றோர் அலறியடித்து ஓடுவார்கள். 4-வது, 5-வது நாள் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, விட்டுருச்சு" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அம்மா வேலைக்கு கிளம்பி விடுவார்.

ஆனால் டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே அப்போதுதான். காய்ச்சல் தொடங்கியதில் இருந்து 3-வது நாள் முதல் 7-வது நாளுக்குள், சூடு இறங்கும் நேரத்தில், ரத்தக்குழாய்களில் இருந்து நீர்ச்சத்து வெளியே கசியலாம். ரத்த அழுத்தம் சரியும். ரத்த தட்டணுக்கள் குறையும். தெர்மாமீட்டர் 98 காட்டும். குழந்தையோ மோசமாகிக்கொண்டே போகும்.

தமிழ்நாட்டில் 2012, 2017-ம் ஆண்டுகளில் டெங்கு பரவியபோது, ஒவ்வொரு ஆண்டும் 60-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மழை பெய்து, வீட்டைச் சுற்றி உள்ள டயர், சிரட்டை, தண்ணீர் தொட்டிகளில் ஏடிஸ் கொசு பெருகும் ஒவ்வொரு ஆண்டும் இந்த ஆபத்து திரும்ப வருகிறது.

காய்ச்சல் விட்ட பிறகு 2 நாட்களுக்கு குழந்தையிடம் இவற்றை பாருங்கள்:-

விடாத வயிற்று வலி, ஒரு நாளில் 3 தடவைக்கு மேல் வாந்தி, மூக்கில் அல்லது ஈறில் ரத்தம், கருப்பாக மலம், தோலில் சிவப்பு புள்ளிகள், கை, கால் சில்லிட்டு போதல், சிறுநீர் குறைதல், துவண்டு கிடத்தல் அல்லது காரணம் இல்லாமல் சிணுங்கிக்கொண்டே இருத்தல். இதில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிஷம்கூட தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு தூக்கிச் செல்லுங்கள். நேரத்தோடு போனால் குளுகோஸ் ஏற்றியே பெரும்பாலான குழந்தைகளை காப்பாற்றிவிட முடியும்.

இதற்கு நேர்மாறாக, காய்ச்சல் விட்ட குழந்தை எழுந்து பசிக்கிறது என்று கேட்டு, பழையபடி ஓடி விளையாடினால், அது நல்ல அறிகுறி.

இன்னொன்றும் உண்டு. காட்டு வேலை, தோட்ட வேலை உள்ள கிராமங்களில் ஒருவகை சின்னப் பூச்சி கடித்து 'ஸ்கிரப் டைபஸ்' காய்ச்சல் வருகிறது. காய்ச்சல் விடாமல் அடித்தால் குழந்தையின் கக்கம், தொடை இடுக்கு, காதுக்கு பின்புறம் ஆகிய இடங்களை பாருங்கள். சிகரெட் சுட்டது போல கருப்பாக ஒரு பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கு குணமாக்கும் மருந்து உண்டு. நேரத்தோடு கொடுக்க வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

கீழே உள்ளதை வெட்டி எடுத்து சமையல்கட்டு சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

* 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு கக்கத்தில் 99.5 டிகிரியை தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. வீட்டு வைத்தியம், கடை மருந்து எதுவும் வேண்டாம். (தடுப்பூசி போட்ட அன்று நர்சு சொன்ன மருந்தை, சொன்ன அளவில் கொடுக்கலாம். பால் குடிக்காமல் துவண்டால் அன்றும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.) பிறந்த குழந்தையின் உடம்பு சில்லிட்டுப் போவதும் காய்ச்சலை போலவே ஆபத்து.

* பால் குடிக்க முடியவில்லை. குடித்ததெல்லாம் வாந்தி.

* எழுப்பினாலும் முழிக்கவில்லை. முழித்தாலும் அம்மா முகத்தை பார்க்கவில்லை.

* மூச்சு வாங்குகிறது. விலா எலும்புக்கு கீழே உள்ளே இழுக்கிறது. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு.

* 8 மணி நேரமாக சிறுநீர் போகவில்லை. அழுதால் கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாக இருக்கிறது.

* கழுத்தை வளைக்க முடியவில்லை. உச்சிக்குழி புடைத்திருக்கிறது. வலிப்பு வந்தது.

* உடம்பில் சிவப்பு அல்லது ஊதா புள்ளிகள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை.

* காய்ச்சல் 3 நாள் தாண்டியும் விடவில்லை. அல்லது விட்டு ஒரு நாள் கழித்து மறுபடி வந்தது.

இதில் எதுவும் இல்லையா? குழந்தை பால் குடிக்கிறதா? நம்மை பார்த்து சிரிக்கிறதா? சிறுநீர் போகிறதா? அப்படியானால் ராத்திரி 12 மணிக்கு மழையில் நனைந்துகொண்டு ஓட வேண்டாம். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 104 இலவச மருத்துவ உதவி எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

தெரியாமல் தவிக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். "இந்தப் புள்ள வழக்கம்போல இல்லையே" என்று தாய் மனசுக்கு பட்டால், நம்பர் எவ்வளவு குறைவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பிள்ளையின் முகத்தை தினமும் பார்க்கும் தாய்க்கு தெரிவது தெர்மாமீட்டருக்கு தெரியாது. டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் தொடங்கிய தேதி, கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றை எழுதி எடுத்துப் போங்கள். அந்த ஒரு சீட்டு, டாக்டர் சீக்கிரம் முடிவெடுக்க உதவும்.